போஞ்சி நடாத நிலம்

அந்தப் பெண் மண்வெட்டியை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெட்டவில்லை. என்னைப் பார்த்தார், பள்ளத்தாக்கைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

நான் மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்டியிலிருந்து பேராதனை வழியாகக் கலஹாவுக்குப் போகும் பஸ், கடைத்தெருவை எட்டுவதற்கு முன் ஒரு பெரிய வளைவில் திரும்பும். வளைவுக்கு மேற்பக்கம் சரிவான நிலம். முன்பு தேயிலை நின்ற இடம். தோட்ட நிர்வாகம் கைவிட்டு வெகுகாலமாகிறது. லயத்து வரிசைவீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, போஞ்சி, கோவா என்று மரக்கறி போடுகிறார்கள். வளைவுக்குக் கீழ்ப்பக்கம் பள்ளத்தாக்கு. அதற்கு அப்பால், கிழக்கே, இரண்டு மலைகள். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடுக்கு.

வருடத்தில் இரண்டு பருவங்களில், சில நாட்கள் மட்டும், சூரியன் அந்த இடுக்கின் வழியாக வெளிவரும். பள்ளத்தாக்கு முழுவதும் இன்னும் விடியாமல் கிடக்க, ஒரே ஒரு பட்டை வெளிச்சம் பனியின் மேல் விழுந்து நீளும். நிழல்மரங்களில் ஒரு வரிசை மட்டும் எரிவது போலத் தெரியும். மற்றவை எல்லாம் சாம்பல் நிறத்தில் இருக்கும்.

பத்திரிகையில் வேலை செய்த காலத்தில் ஒரு செய்திக்காகப் போகும் வழியில் அதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். மடியில் கெமரா இருந்தது. பஸ் நிற்கவில்லை.

அந்தப் படத்துக்காகத்தான் இந்தப் பங்குனியில் போய் நின்றேன். நோன்பு மாதம். ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்தவன் விடிகாலைச் சுபஹ் தொழுதுவிட்டு மறுபடி படுக்காமல், வீடிருக்கும் குண்டசாலையில் பஸ் ஏறினால், கண்டியில் கலஹா பஸ்ஸைப் பிடித்துவிடலாம். வெளிச்சத்துக்கு முன்பே வளைவில் இறங்கிவிடலாம்.

அன்று பனி எழவில்லை. கீழே பால் கொட்டிக் கிடந்தது போல அசையாமல் கிடந்தது. சூரியன் எங்கேயோ வந்திருக்க வேண்டும். வானம் வெளுத்ததே தவிர எதுவும் நடக்கவில்லை. நான் கையுறையைக் கழற்றினேன், போட்டேன், கழற்றினேன். அந்தப் பெண் எழுந்து, வெட்டாத மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துப் பக்கம் போனார்.

“ஆள் எங்க?”

நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கும் ஒருவர் போனில் கேட்டார்: செய்திப்படம் எடுத்த நீங்கள் எதற்காக மலைகளை எடுக்கப் போனீர்கள்?

நேர்மையான பதில், எனக்கு வேறு வேலை இல்லை என்பதுதான். பத்திரிகை அதன் கண்டிக் காரியாலயத்தை மூடியது. நான் ஒரு கெமராவோடும் நிறையக் காலைப்பொழுதுகளோடும் வீட்டுக்கு வந்தேன். வீட்டில் கதிரைகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். சமையலறை அலுமாரியில் போத்தல்களை உயர வரிசையில் அடுக்கினேன். என் மனைவி ஸரீனா அதைத் திறந்து பார்த்துவிட்டு, “இஞ்ச பாருங்க, வெளிய எங்கயாச்சும் போய்த்து வாங்க” என்றாள். போனேன்.

செய்திப்படக்காரனுக்குப் பொறுமை தேவையில்லை. முழங்கை தேவை. அமைச்சர் கையசைக்கும்போது முன்வரிசையில் இருக்க வேண்டும். கல்லெறிபவனின் கை உயரும்போது அவனுக்கு எதிரே இருக்கக் கூடாது. அவ்வளவுதான். எங்கள் படப்பிரிவுப் பொறுப்பாளர் கொழும்பில் உட்கார்ந்துகொண்டு, நான் எப்போதாவது ஓர் அழகான மலையையோ குளத்தையோ அனுப்பினால் உடனே அழைப்பார்.

“படம் நல்லாருக்கு. ஆள் எங்க?”

“ஆள் இல்ல சேர். மலை.”

“மலைக்கு என்ன நடந்த?”

மலைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பேன். அப்படியானால் அது செய்தியல்ல என்பார். சரிதான்.

ஆகவே மலைகளை எடுக்கத் தொடங்கியபோது அவரை எதிர்த்து எடுப்பதாகவே எண்ணிக்கொண்டேன். என் படச்சட்டத்துக்குள் ஆளே வரக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். ஆடு மேய்ப்பவர் வந்தால் அவர் போகும்வரை நிற்பேன். கொழுந்துப் பெண்கள் வந்தால் அவர்கள் அடுத்த நிரைக்கு நகரும்வரை நிற்பேன். உள்ளுக்குள் கால் ஒன்று ஆடிக்கொண்டே இருக்கும்.

கடுகண்ணாவையில் ஒரு மழைக்காலம் முழுவதும் இந்த ஆட்டத்தை ஆடினேன். கணவாயில் பனி விலகும்போது ரயில் வர வேண்டும். பனி விலகினால் ரயில் இல்லை. ரயில் வந்தால் சத்தம் மட்டும் கேட்கும், பனிக்குள் ஏதோ பெரிய மிருகம் மூச்சுவிடுவது போல. பாதையோரத் தேநீர்க்கடைக்காரர் கடைசியில் சொன்னார்: “நானா, கோச்சிக்கும் பனிக்கும் பேச்சுவார்த்தை இல்ல போல. நீங்க ரெண்டையும் சேத்து வெக்கப் பாக்குறீங்க.” அந்தப் படம் கிடைக்கவேயில்லை. அவருடைய கடையில் இஞ்சித் தேநீர் மட்டும் நிறையக் குடித்தேன்.

இரண்டாவது சூரியோதயம்

கலஹா விஷயத்தில் அப்படி நடக்கக் கூடாது என்று திட்டம் போட்டேன்.

போனில் ஒரு செயலி இருக்கிறது. நிற்கும் இடத்தைச் சொன்னால், சூரியன் எந்தக் கோட்டில் எழும்பும் என்பதைத் திரையில் வரைந்து காட்டும். கடற்கரைக்காரர்களுக்கு அது போதும். மலைநாட்டில் சூரியன் இரண்டு முறை உதிக்கும்: முதலில் கணக்குப்படி, பிறகு மலைக்கு மேல். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை எந்தச் செயலியும் சரியாகச் சொல்லாது. அந்த நேரத்தில் சூரியன் பக்கவாட்டிலும் நகர்ந்துவிடும். ஆகவே போய் நின்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒவ்வொரு காலையும் எங்கே எழும்புகிறது என்று பார்த்து, அடுத்த நாள் எவ்வளவு தள்ளி எழும்பும் என்று கணிக்க வேண்டும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கெமரா ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் நிற்க வேண்டும். ஓர் அடி விலகினாலும் கணக்குப் பிழைக்கும்.

சரிவு முழுவதும் தேடி இடத்தைக் கண்டுபிடித்தேன். ஒரு வெறும் துண்டு நிலத்தின் மேல்மூலை, தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில். மூன்று மூங்கில் குச்சிகளைச் சீவி, முக்காலியின் மூன்று கால்களும் நின்ற இடத்தில் அடித்து இறக்கினேன். பனியில் தேடிப் பிடிப்பதற்காக அவற்றின் தலையில் வெள்ளைப் பெயின்ட் பூசியிருந்தேன். அந்த வேலை எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முதன்முறையாக ஒரு படத்தைத் துரத்தாமல் அதற்காக ஏற்பாடு செய்கிறேன் என்று தோன்றியது.

பிறகு வந்துகொண்டே இருந்தேன். ஒரு நாள் பனி கட்டிக்கொண்டு நின்றது. ஒரு நாள் இடுக்கில் ஒரே ஒரு முகில், வேறெங்கும் இல்லை. ஒரு நாள் எல்லாம் துல்லியம். சூரியன் மட்டும் வலது மலையின் தோளில் எழும்பியது. வரும் நாட்களில் அது இடுக்கை நோக்கி நகரும் என்று தெரிந்துகொண்டேன். கொண்டக்டர் என்னைப் பழகிவிட்டான். வளைவு வந்ததும், ஏதோ பஸ் தரிப்பிடத்தின் பெயர் போல, “சேர், சூரியன் ஹோல்ட்” என்று கூவி மணியடிப்பான். பஸ்ஸே சிரிக்கும்.

தேத்தண்ணி

அந்தத் துண்டு நிலம் யாருடையது என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண் கீழ்மூலையில் வந்து உட்காருவதைப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு, தலையில் துவாய். வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்குப் போவதற்கு முன் வருவார். மண்வெட்டியோடு வருவார், வெட்டாமல் போவார்.

இதை நான் கவனித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். தொழில் பழக்கம், கண் எடுத்துக்கொள்ளும். ஆனால் கவனித்ததை வைத்துக்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நிருபர்தான் கேள்வி கேட்பார்; நான் படக்காரன்.

ஒரு காலை அவர் எவர்சில்வர் கோப்பையில் தேநீர் கொண்டுவந்தார். இடுக்கின் ஓரம் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. நான் கெமராவில் கண்ணை வைத்திருந்தேன்.

“சேர், தேத்தண்ணி.”

“வேணாம், வேணாம்.”

“சீனி போட்டிருக்குங்க. குளிருக்கு நல்லது.”

“இல்ல, வேணாம்.” கையை மட்டும் அசைத்தேன்.

அவர் தேநீரைக் கான் ஓரத்து மண்ணில் ஊற்றிவிட்டுப் போனார். மண்ணிலிருந்து ஆவி எழும்பியது. நல்ல படம் என்று நினைத்தேன். அதையும் எடுக்கவில்லை, அந்த நேரத்துக்குள் இடுக்கில் சூரியன் வந்துவிடுமோ என்ற பயம். வரவில்லை.

மாலைகளில் மழை பிடித்தது. பங்குனி மழை இங்கே கடிகாரம் பார்த்தது போல வரும்: காலையில் வெயில், மத்தியானத்துக்குப் பிறகு இடி. சரிவில் இருந்த மற்றத் துண்டுகளில் ஆட்கள் மண்ணைக் கொத்தினார்கள், பாத்தி கட்டினார்கள். ஒரு கிழமைக்குள் கோவாக் கன்றுகள் தெரிந்தன. போஞ்சிக்குக் கம்பு ஊன்றினார்கள். என் கெமராவுக்கு முன்னால் இருந்த துண்டு மட்டும் அப்படியே கிடந்தது, கறுத்து, ஈரமாக, வெறுமையாக.

எனக்கு அது நிம்மதியாக இருந்தது. போஞ்சிக் கம்புகள் நின்றால் படத்தின் அடிப்பாகம் முழுவதும் குச்சியும் கொடியுமாகிவிடும். வெறும் மண்ணின் மேல் பனி தவழ்ந்து வரும்போது கிடைக்கும் அமைதி வேறு. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும் என்று விரும்பினேன். இருந்தது.

நோன்பு திறந்த பிறகு கஞ்சிக் கோப்பையோடு ஸரீனா கேட்பாள்: “ஒங்கட சூரியன் இன்னைக்கும் வரல்லயா?”

“வந்துச்சு. கொஞ்சம் தள்ளி வந்துச்சு.”

“இந்த மாசத்துல பள்ளில உக்காந்து ஓதினாலும் நன்மை ஈக்கும். நீங்க நோம்பையும் புடிச்சிக்கிட்டு மலையில ஏறி நிக்கிறீங்க. நன்ம தீம எழுதுற மலக்குமார் ஒங்கள எந்தப் பக்கத்துல எழுதிக்கொள்ளுவாங்களோ தெரியா.”

நான் போனில் அடுத்த நாளின் வானிலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கஞ்சி ஆறிவிடும்.

அளந்து முடிந்ததா?

கணக்குக் கூடிவந்தது. சூரியன் வலது மலையின் சரிவில் இறங்கி, இடுக்கின் வாசலுக்கே வந்துவிட்டது. அடுத்த நாள், தவறினால் அதற்கு அடுத்த நாள். அதற்குப் பிறகு இடது மலை மறைத்துவிடும். புரட்டாதிவரை காத்திருக்க வேண்டும். புரட்டாதியில் அங்கே பெரும்பாலும் முகில்.

அந்தக் காலை நான் குச்சிகளின் மேல் முக்காலியை வைத்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேல் பாதையில் பெரட்டுக்குப் போகும் பெண்கள் சிலர் வந்தார்கள். ஒருத்தி கீழே உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்துக் கத்தினாள்:

“ஏ யோகம்! அளந்து முடிச்சிட்டாரா, இன்னும் இருக்கா?”

“நீயே வந்து கேளேன்டி!”

“எனக்கு என்னாத்துக்கு? ஏந்துண்ட அவரு இன்னும் பாக்கல்ல. இங்கிட்டுத் திருப்பிறாம பாத்துக்க!”

சிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். யோகம்மா சிரிக்கவில்லை. நான் முக்காலியை விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனேன்.

“என்னத்த அளக்குறது?”

“அத நீங்கதான் சொல்லணும் சேர்.”

“நான் ஒண்ணும் அளக்கல்ல. போட்டோ எடுக்க வாறேன்.”

“எத?”

“அந்தா, அந்த ரெண்டு மலைக்கும் நடுவுல. வெளிச்சம் வாறத.”

அவர் திரும்பிப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். “அது தெனமும் வருதுங்களே.”

“அந்த இடுக்கால வரணும்.”

“அதுக்கா இத்தன நாளு?”

ஆமென்றேன். சொல்லும்போதே அது பொய் போலக் கேட்டது.

அவர் எழுந்து, சரிவின் அந்தக் கோடியைக் கையால் காட்டினார். முள்ளுக்கம்பி வேலி ஒன்று தெரிந்தது. உள்ளே இடுப்பளவு புல். நான் அதைப் பல முறை பார்த்திருக்கிறேன். படச்சட்டத்துக்கு வெளியே இருந்ததால் அது எனக்குப் பிரச்சினையாக இருந்ததில்லை.

“அது முத்தண்ணன் துண்டு. மொதல்ல ஒருத்தர் மூணு கால் சாமான் வெச்சு எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தாரு. பல நாளு வந்தாரு. பொறவு வெள்ள குச்சி அடிச்சாங்க. பொறவு கம்பி. கோவா முத்துற நேரம், அத வெட்டக்கூட விடல்ல. யாருக்குக் குடுத்தாங்க, எதுக்குக் குடுத்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் சொல்லல்ல. புல்லுதான் நிக்குது.”

நான் என் குச்சிகளைத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைத் தலைகள், கறுத்த மண்ணில், நன்றாகவே தெரிந்தன.

“மண்ணு மட்டுந்தான் எங்ககிட்ட இருக்கு. கையில கடுதாசி ஒண்ணும் இல்ல” என்றார் யோகம்மா. “வெதையப் போட்டு, கம்பு ஊன்டி, தண்ணி ஊத்தி வளத்துட்டு, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கச் சொல்றீங்களா? அதான் நடல்ல.”

“எங்கிட்டக் கேட்டிருக்கலாமே.”

“கேக்கத்தான் தேத்தண்ணி கொண்டாந்தேன்.” அவருடைய குரல் முதல் முறையாக உயர்ந்தது. “குடிச்சா கேக்கலாம்னு நெனச்சேன். அளக்க வாற கந்தோர் ஆளுங்கதான் எங்க வீட்டுல வாய் நனைக்க மாட்டாங்க. நீங்க மொகத்தக்கூடத் திருப்பல்ல. அப்பவே எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு, முடிவாயிருச்சு, மம்பட்டிய மூலையில போடுன்னு.”

“எனக்கு நோன்பு.”

“நீங்க இஸ்லாமா?”

“ஓ.”

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “அத ஒரு வார்த்த சொல்ல என்னா கேடு? நானும் கோப்பைய எடுத்துக்கிட்டுப் போயிருப்பேனே. நோம்புக்காரர்கிட்ட தேத்தண்ணிய நீட்டுன பாவமும் எனக்கு.”

“நாளைக்கு வருவீங்களா?”

நான் என்னை நிரூபிக்கத் தொடங்கினேன். கெமராவின் பின்திரையில் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளினேன்: பனி, பனி, முகில், வலது மலை. அவர் படங்களின் அடிப்பக்கத்தைத்தான் பார்த்தார்.

“எல்லாத்துலயும் எங்க துண்டும் இருக்கே.”

“அது முன்னால ஈக்கிறதால வருது.”

“இத எங்க அனுப்புவீங்க?”

“எங்கயும் இல்ல.”

“அப்ப எதுக்கு?”

முன்பு பத்திரிகையில் இருந்தேன் என்றேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. பேப்பர்காரர் வந்தால் பின்னால் வேறு யாராவது வருவார்கள் என்றார் அவர். அதுவும் சரிதான்.

குச்சிகளைப் பிடுங்கினேன். இறுக்கமாக அடித்திருந்ததால் ஒன்று முறிந்தது. மூன்றையும் கானுக்கு அப்பால் எறிந்துவிட்டுச் சொன்னேன்: “இனிப் பயப்படத் தேவையில்ல. நீங்க நடுங்க.”

யோகம்மா அந்த மூன்று குழிகளையும் பார்த்தார்.

“நாளைக்கு வருவீங்களா?”

இடுக்கின் வாசலில் நின்ற சூரியன் எனக்குத் தெரியும். அடுத்த நாள் அது உள்ளே வந்துவிடும்.

“நான் ஒங்கள நம்பிட்டேன்னே வெச்சுக்குவோம்” என்றார். இப்போது கோபமில்லை, விளங்கவைக்கும் குரல். “எங்க வீட்டுக்காரரு நம்பணும். பக்கத்துத் துண்டு ஆளுங்க கொத்திக் குடுக்க வரணும். நாங்க ஒருத்தருக்கொருத்தர் கொத்திக் குடுத்துத்தான் நடுறது. நீங்க இங்கின நிக்கிறதப் பாத்தா ஒருத்தரும் எறங்க மாட்டாங்க, நாளைக்குத் தங்க துண்டையும் அளந்துருவாங்கன்னு. தனியா இத்தனையும் கொத்த என்னால முடியாது. இந்த மழை போயிட்டா மண்ணு இறுகிரும். போஞ்சியில வாறதுலதான் மகளோட கிளாசு ஓடுது. இந்தப் போகம் போச்சுன்னா அவ நின்னுக்கிருவா.”

“ஒரே ஒரு நாள்” என்றேன். “நாளைக்கு மட்டும்.”

“அந்த ஒரு நாளத்தான் நானும் இத்தன நாளா பாத்துக்கிட்டு இருக்கேன் சேர். நீங்க வராத நாள.”

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னார். நான் மலைக்காகக் காத்திருந்த ஒவ்வொரு காலையும் அவர் எனக்காகக் காத்திருந்தார். என் பொறுமை கூடக்கூட அவருடைய பருவம் குறைந்தது. முதல் நாளே படம் கிடைத்திருந்தால் அவர் எப்போதோ நட்டிருப்பார்.

வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ நான் சொல்லவில்லை. முக்காலியை மடித்துக்கொண்டு இறங்கினேன்.

மேகமில்லாத காலை

ஸரீனாவிடம் சொன்னேன். அவள் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள்.

“அந்தப் பொம்பளயிட மகள் படிக்கிறயா?”

“ஓ. உயர்தர வகுப்பு போல.”

“அப்ப என்னத்துக்கு இவ்வளவு யோசிக்கிற?”

யோசிக்க நிறைய இருந்தது. மேலே வேறு இடத்தில், மறைவாக நின்று எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் அந்தச் சரிவில் மறைவென்று ஒன்றில்லை, தவிர மறைந்து நிற்பவனைக் கண்டால் இன்னும் பயப்படுவார்கள். கீழே பாதையில் நிற்கலாமா? அங்கிருந்து நிழல்மரங்கள் இடுக்கை மறைக்கும். தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டுபோய் விளக்கம் சொல்லலாமா? தோட்டத்துக் காரியங்களை விளக்கவந்த ஆட்களை அவர்கள் நிறையக் கண்டிருப்பார்கள்.

அடுத்த நாள் ஸஹருக்கு எழுந்தபோது வானத்தில் நட்சத்திரங்கள் இருந்தன. ஒரு முகில் இல்லை. தொழுதேன். கெமராப் பையை மேசையில் வைத்தேன். எடுத்து அலுமாரியில் வைத்தேன். சாவியைப் பூட்டில் விட்டபடியே நின்றேன். குண்டசாலைப் பாதையில் முதல் பஸ் போகும் சத்தம் கேட்டது. மாடியில் ஏறிக் கிழக்கைப் பார்த்தேன். துடைத்துவைத்தது போல இருந்தது. கீழே இறங்கினேன். மறுபடி ஏறினேன். பள்ளத்தாக்கில் இந்நேரம் பனி எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். எந்த மரத்தில் முதலில் படும் என்று தெரியும். அந்த நேரம் வந்தது, போனது. எதிர்வீட்டுக்காரர் முச்சக்கரவண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். “நல்ல வெயில் நானா” என்றார்.

அன்று முழுவதும் அவர்கள் நடத் தொடங்கினார்களா என்பதுதான் குடைந்தது. நடாமல் விட்டிருந்தால்? நான் வராதது தெரியாமல், இன்றைக்கும் அவர் மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? அப்படியானால் இரண்டு பேருக்கும் நட்டம். படமும் இல்லை, போஞ்சியும் இல்லை.

அதற்கு அடுத்த காலை ஸரீனா நான் சட்டை மாற்றுவதைப் பார்த்தாள்.

“போறயா?”

“எறங்க மாட்டன். பஸ்ல போய் பாத்துட்டு வாறன்.”

“கெமராவ வெச்சிட்டுப் போங்க.”

வைத்துவிட்டுப் போனேன். கை எங்கே போவதென்று தெரியாமல் மடியில் கிடந்தது.

பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவது என்பதை முடிவுசெய்ய வேண்டியிருந்தது. இடது பக்க ஜன்னலில் பள்ளத்தாக்கும் இடுக்கும் தெரியும். வலது பக்க ஜன்னலில் சரிவு தெரியும். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. முதலில் இடது பக்கம் உட்கார்ந்தேன். பேராதனை தாண்டி, பஸ் மலையேறத் தொடங்கியதும் எழுந்து வலது பக்கம் போனேன். ஓர் அம்மாள் பையை மடியில் எடுத்துவைத்து இடம் தந்தார்.

வளைவுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இடது பக்கத்தில் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் கையை உயர்த்திக் கண்ணை மறைத்தார்கள். பாடசாலைப் பிள்ளை ஒன்று புத்தகத்தை முகத்துக்குப் பிடித்தது. பஸ்ஸின் உட்கூரை மஞ்சளாகியது. சூரியன் இடுக்கில் நின்றது. என் முதுகுக்குப் பின்னால், மிகச் சரியாக, நான் கணக்குப் போட்ட இடத்தில்.

நான் திரும்பவில்லை. வெளிச்சம் எனக்கு மேலாகப் போய்ச் சரிவில் விழுந்திருந்தது. அந்தத் துண்டில் ஆட்கள் நின்றார்கள். ஒரு வரிசையாக, ஆணும் பெண்ணுமாக, குனிந்து கொத்திக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டிகள் ஏறி இறங்கின. பாதி நிலம் கொத்தி முடிந்து, புரண்ட மண் பளபளத்தது. மேல்மூலையில், கானுக்குப் பக்கத்தில், துவாய் கட்டிய ஒரு மெலிந்த உருவம்.

மணி அடித்தது. பஸ் நின்றது.

“சேர், சூரியன் ஹோல்ட்!” கொண்டக்டர் முன்வாசலிலிருந்து கத்தினான். “எறங்கல்லயா?”

சரிவில் மண்வெட்டிகள் நின்றன. ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். யோகம்மாவும் நிமிர்ந்து, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, பஸ்ஸையே பார்த்தார். அவருக்கு நேரே வெயில். ஜன்னலுக்குள் இருப்பவர் யாரென்று தெரிந்திருக்காது.

நான் தலையை உள்ளே இழுத்து, பக்கத்து அம்மாளின் பைக்குப் பின்னால் குனிந்தேன்.

“இல்ல, கலஹாவுக்கு” என்றேன். “போகச் சொல்லுங்க. கெதியா போகச் சொல்லுங்க.”

“கெமரா எங்க சேர்?”

“தம்பி, மணிய அடிங்க.”

அடித்தான். யாரும் இறங்காத வாசலைச் சாத்திக்கொண்டு பஸ் புறப்பட்டது. வளைவு முடிவதற்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தேன். எல்லோரும் இன்னும் நிமிர்ந்தே நின்றார்கள். பிறகு யோகம்மா குனிந்தார்.